அவள் காதில் நான் கொடுத்த சுருதி

தேநீர் ஆறுகிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே ஆடை படர்ந்துவிட்டது. நீ கோப்பையைத் தொடவே இல்லை. ஒன்றரைக் கரண்டி சர்க்கரை, உனக்குப் பிடித்த அளவு. உன் அக்கா சொல்லியிருக்கிறாள். மனசு ஒப்பாத வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்ற வீம்பு உங்கள் குடும்பத்துக்கே உண்டு போலிருக்கிறது. அவளும் இங்கே வந்த முதல் இரண்டு நாள் இப்படித்தான் இருந்தாள்.

நீ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாய். எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். வாயால் எதையும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் கேட்டது நீ என்பதால், உன்னிடம் சொல்வதாகவே நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒருமுறை மனசுக்குள் அடுக்கிப் பார்க்கிறேன்.

மேசையில் உன் கைப்பேசி கிடக்கிறது. அதில் நான்கு நொடிப் பதிவு ஒன்று இருக்கிறது. ஒரு பெண் வாயைத் திறக்காமல் 'ம்' என்று ஒரு சுருதியைப் பிடிக்கிறாள். அந்தக் குரல் என்னுடையது. தொலைக்காட்சி நிலையத்தின் ஒலிக்காரர் அதைத் தேடி எடுத்து உன்னிடம் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. யாரும் போட்டுக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் பார்த்திருக்க மாட்டாய். யாருமே பார்ப்பதில்லை. அரங்கில் கடைசி வரிசைக்குப் பின்னால், இருட்டில் ஒரு மேசை. மேடையில் இருப்பவர்களின் குரல்கள் எல்லாம் என் விரல்களுக்கடியில் இருக்கும். ஒரு குரலைத் தூக்கி, இன்னொன்றைத் தாழ்த்தி, எழுநூறு பேருக்கும் தங்கள் காதருகே பாடுவதுபோல் செய்ய வேண்டும். நன்றாகச் செய்தால் அப்படி ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்றே யாருக்கும் தோன்றாது.

பதினொரு வருடம் ஓடியது எங்கள் தபால்காரி நாடகம். உன் அக்காதான் தபால்காரி. குழுவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'தபால்' என்பார்கள். அவள் பிந்தி வந்தால் ஒப்பனை அறையே "தபால் தாமதம்" என்று கூவும். தொண்டை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இயக்குநர், "இன்னிக்குத் தந்தியா, சாதாத் தபாலா?" என்பார். அவள் ஒரு வரி பாடிக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் அப்போது அவள் கூந்தலுக்குள் மைக்கின் மெல்லிய கம்பியைச் செருகிக்கொண்டிருப்பேன்.

ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது அந்த மைக்கை மாட்டுவேன். அப்போதிலிருந்து அதைக் கழற்றும்வரை அவள் சத்தமெல்லாம் என் காதுக்குள் இருக்கும். மூச்சு, விழுங்குவது, தொண்டைக்கான மிட்டாயைக் கடைவாய்க்குத் தள்ளுவது, மாடிப்படியில் தனக்குள் முணுமுணுப்பது. உன்னோடு தொலைபேசியில் போட்ட சண்டைகளில் பாதி எனக்குத் தெரியும். வீட்டு வாடகைக்காக இருவரும் முறைத்துக்கொண்டது, நீ சமாதானத்துக்குப் பச்சைச் சால்வை வாங்கிக் கொடுத்தது, எல்லாம். அவள் பேசும் பக்கம் மட்டும்தான் கேட்கும். உன் பக்கத்தை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன்.

ஆட்டம் முடிந்ததும் கம்பியைச் சுருட்டி டப்பாவில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். என் வீட்டில் பேசுவது குளிர்சாதனப் பெட்டி மட்டும். அதுவும் இருபது நிமிடத்துக்கொருமுறை நின்றுவிடும்.

அவளுக்கு இடது காது கேட்காது என்பது உன் வீட்டுக்கு வெளியே என் ஒருத்திக்குத்தான் தெரியும். சின்ன வயதில் காய்ச்சலில் போனதாகச் சொன்னாள். இயக்குநரிடமும் மறைத்திருந்தாள். நாடகம் தொடங்கிய மூன்றாம் மாதம் கடைசிப் பாட்டில் தடுமாறியபோது என்னிடம் வந்து சொல்லிவிட்டாள். அந்தப் பாட்டு தெரியுமல்லவா? விலாசம் இல்லாத கடிதங்களைத் தபால்காரியே பிரித்துப் படிக்கிற பாட்டு. முதல் இரண்டு வரிக்கு வாத்தியம் கிடையாது. மேடையில் அவள் மட்டும், அவள் குரல் மட்டும். மூன்றாவது வரியில் மொத்த வாத்தியக் குழுவும் வந்து சேரும். சுருதி பிசகியிருந்தால் அங்கே நாறிப்போகும். வாத்தியக்காரர் ஒரு கட்டையை மெல்லத் தொட்டுக் காட்டுவார்; இவளுக்கு அது பிடிபடவில்லை.

"அக்கா, நீங்க என் காதுல கொடுத்துடுங்களேன்" என்றாள். அவள் வலது காதில் ஒரு சின்னக் கருவி இருக்கும், அதற்குள் நான் பேசலாம். அன்றிலிருந்து நான் கொடுத்தேன். என் மேசையில் ஒரு சின்ன விசைப்பலகை வைத்து, நாலு கட்டையைத் தொட்டு ஒத்துப்பார்த்து, 'ம்' என்பேன். கிடைத்துவிட்டது என்பதற்கு அவள் முகவாயை இம்மி உயர்த்துவாள். பார்ப்பவர்களுக்கு அது தபால்காரியின் துணிச்சல். எனக்கு அது, "வந்துடுச்சு அக்கா." ஆயிரத்து நானூறு தடவைக்கு மேல் இருக்கும். வாழ்க்கையில் வேறு யாரும் நான் சொன்னதை அத்தனை தடவை அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை.

தொலைக்காட்சிக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னேன். அதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வருடத்துக்கொருமுறை வரும் அந்த நேரலை நிகழ்ச்சியை நான் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன். ஆறு நாடகக் குழு, ஆளுக்கு ஒரு பாட்டு. ஒவ்வொரு வருடமும் யாராவது மாட்டிக்கொள்வார்கள். எழுநூறு பேருக்கு அளவாகத் திறந்த வாயைக் கேமரா ஒரு சாண் தூரத்தில் பிடிக்கும். பல் மருத்துவர் பார்க்கிற காட்சியாகிவிடும். இரண்டு மணி நேரம் அழுது சேர்ந்த இடத்தை நாலு நிமிடத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாது. ஆடுகிறவர்களின் காலைக் காட்ட வேண்டிய நேரத்தில் நடுவரின் முகத்தைக் காட்டுவார்கள். ஒலியோ, தகர டப்பாவுக்குள் போட்டு மூடியதுபோல் இருக்கும். பாட்டு முடியும் முன்பே ஜனங்கள் கைப்பேசிகளில் கிண்டலை ஆரம்பித்துவிடுவார்கள். 'இதுக்கா டிக்கெட் வாங்கிப் பாக்கறீங்க?' 'எங்க வீட்டு பாத்ரூம்ல இதவிட நல்லா இருக்கும்.' நான் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன். சில சமயம் சிரிப்பும் வரும். ஆள் தெரியாதவர்கள் அத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்வதில் ஏதோ ஒரு துணை இருப்பதுபோல் இருக்கும்.

இயக்குநரிடம் இதையெல்லாம் சொன்னேன். கூட்டம் குறைகிறது, பெட்டியில் முகம் தெரிந்தால்தான் நாம் இருப்பதே ஜனங்களுக்குத் தெரியும் என்றார். உன் அக்காவுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு, மைக் கம்பியைச் செருகிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள். பெரிய குழு ஒன்று மூன்று வருடச் சுற்றுப்பயணத்துக்கு ஆள் தேடுகிறதாம், இந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்களாம்.

"அங்க எல்லாத்துக்கும் மெஷின் இருக்காம் அக்கா. சுருதிகூட அதுவே காதுல கொடுத்துடுமாம். இனி உங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல."

சந்தோஷத்தில் என் கன்னத்தைக் கிள்ளினாள். நல்லதுதானே என்றேன். அன்று பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். தொல்லை என்று யார் சொன்னது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நிலையத்தில் அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள், காதுக்கு நான்தான் இருக்க வேண்டும் என்று. அங்கிருந்த ஒலிக்காரர் மரியாதையான மனிதர். தன் அறையின் ஓரத்தில் ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்து, "உங்க ராணிய நீங்களே பாத்துக்குங்க" என்று சிரித்தார். மேசையில் ஒரு மைக், ஒலியைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகிகள். ஒன்று என் குரலுக்கு. மற்றது, வாத்தியம் அவள் காதில் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதற்கு.

நேரலையில் அவள் முறை வந்தபோது, கையோடு கொண்டுபோயிருந்த என் விசைப்பலகையில் நாலு கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு நாலரையைத் தொட்டேன். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்றேன். திரையில் அவள் முகவாய் இம்மி உயர்ந்தது.

அரைக் கட்டை. கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. நான் நினைத்தது இவ்வளவுதான்: ஒரு சின்னச் சறுக்கல் நடக்கும், அந்தப் பெரிய குழுக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், வியாழக்கிழமை அவள் வழக்கம்போல் ஒப்பனை அறைக்கு வந்து முடியை விரித்துக்கொண்டு என் முன்னால் உட்காருவாள். ஒருவர் வேலைக்குப் போகாமல் நிற்பதற்காக வீட்டில் சாவியை ஒளித்து வைப்பதில்லையா, அந்த அளவுதான்.

வாத்தியம் வந்ததும் அவளே திருத்திக்கொண்டிருப்பாளே என்று நீ கேட்கலாம். திருத்திக்கொண்டிருப்பாள். இரண்டாவது திருகியை நான் முழுக்கக் குறைத்து வைத்திருந்தேன். பின்னால் வந்து சேர்ந்துகொண்ட பின்பாட்டுக்காரர்கள் பதினைந்து பேரும் தரையில் இருந்த ஒலிபெருக்கியைக் கேட்டு வாத்தியத்தோடு போனார்கள். இடது காது கேட்காமல், வலது காதைக் கருவி அடைத்திருக்க, அவள் மட்டும் என் சுருதியில் போனாள். நாற்பது நொடி அப்படி. அவ்வளவு அழகாக அவள் பாடி நான் கேட்டதில்லை. அவள் குரலை மட்டும் பிரித்துக் கேட்டால் அதில் ஒரு குறையும் இருக்காது. அந்தக் கட்டிடத்திலேயே அதைப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்தி.

பிறகு திருகியை மெல்ல ஏற்றினேன்.

அந்த முகத்தை நாடே பார்த்தது. நீயும் பார்த்திருப்பாய். ஏறப் பார்த்தாள், இறங்கப் பார்த்தாள், குரல் உடைந்தது, நின்றுவிட்டாள். பதினொரு நொடி யாரும் பாடவில்லை. அறிவிப்பாளர் ஓடி வந்து, தபால் விலாசம் மாறிப் போய்விட்டது போலிருக்கிறது என்றார். கூடத்தில் இருந்தவர்கள் விட்டால் போதும் என்று சிரித்தார்கள்.

எல்லோரும் நிலையத்தைத்தான் குற்றம் சொன்னார்கள். அந்த ஒலிக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டு எனக்கு உறுத்தியது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை என்று அவருக்கே இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அந்தக் கடிதம்தான் அவரை யோசிக்க வைத்ததாக நீ இப்போது சொல்கிறாய். நல்ல மனிதர்களுக்கு ஆறுதல் சொல்வதிலும் ஒரு வரம்பு வேண்டும்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை என் வீட்டு வாசலில் ஒரு பையோடு நின்றாள். தன் வீட்டுக்கு வெளியே ஆட்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், இரண்டு நாள் இருந்துகொள்ளட்டுமா என்றாள். பதினான்கு மாதம் ஆகிறது.

அவளால் கைப்பேசியைப் பார்க்க முடியவில்லை; ஆனால் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமலும் இருக்க முடியவில்லை. அதனால் நான் படித்துக் காட்டினேன். 'ஸ்டாம்பு ஒட்டாத குரல்.' 'நாடகத்த நேர்ல பாத்து அழுதேன், டிவில பாத்தும் அழுதேன், காரணம்தான் வேற.' இதற்கு அவளே சிரித்துவிட்டாள். நல்லதாகவும் எழுதியிருந்தார்கள். மூன்று தடவை நாடகம் பார்த்த ஒரு அம்மாள், அன்று நடந்ததை வைத்து இந்தப் பெண்ணை எடைபோடாதீர்கள், என் கணவர் இறந்த வருடம் அந்தப் பாட்டுதான் என்னைத் தூங்க வைத்தது என்று நீளமாக எழுதியிருந்தார். அதை நான் படிக்கவில்லை. ஆறுதல் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் உடைந்துபோவாள் என்று பட்டது.

அவற்றில் ஒன்று நான் எழுதியது. ஒன்றே ஒன்று. 'கிண்டல் பண்ணாதீங்க, பாவம், அவங்களுக்குக் காதுல ஏதாவது பிரச்சினையா இருக்கும்.' பரிவாகத்தான் எழுதினேன். அதையும் மற்றவற்றோடு சேர்த்து அவளுக்குப் படித்தேன். அவள் வலது காதைக் கையால் பொத்தினாள். எடுத்தாள். மறுபடி பொத்தினாள்.

"அக்கா, நீங்க கொடுத்தது நாலு கட்டைதானே?"

"ஆமா கண்ணு, எப்பவும் கொடுக்கறதுதான்."

"அப்ப எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கு."

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் தோளில் சால்வையைப் போர்த்திவிட்டேன்.

அதன்பிறகு எல்லாவற்றையும் என்னிடம் கேட்கத் தொடங்கினாள். அக்கா, மணி அடிக்குதா. அக்கா, மழையா, பக்கத்து வீட்டு டிவியா. மருத்துவரிடம் போகலாமா என்று ஒருமுறை கேட்டாள்; இருக்கிற ஒரு காதும் போய்விட்டது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன செய்யப்போகிறாய், இப்படியே கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாமே என்றேன். ஒரு மாலை சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நன்றாகவே கேட்டது. "குழாய் சொட்டுதா அக்கா?" என்றாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, இல்லையே என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். நான் எழுந்து போய் அதை அடைக்கவும் இல்லை. அந்தச் சத்தத்தில் நாங்கள் இருவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு என்னவோ அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஒருவர் நம்மை இந்த அளவுக்கு நம்புவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உன் தொலைபேசி வந்தால் எடுத்து, தூங்குகிறாள் என்று சொல்லிவிடுவேன். பாதி நாள் அது உண்மையும்கூட. வலது பக்கம் ஒருக்களித்து, நல்ல காதைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு தூங்குகிறாள். அப்படித் தூங்கினால் கதவைத் தட்டினாலும் கேட்காது. அவள் பாடுவதில்லை. அது ஒன்றுதான் குறை. சுவரை ஒட்டிய கட்டிலில் நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். இப்போது கம்பி எதுவும் தேவைப்படுவதில்லை.

போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது நீ வந்து இந்தப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினாய் என்று சற்று முன்புதான் சொன்னாய். அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. சுருதி காட்டும் கருவியையும் கைப்பேசியில் திறந்து காட்டினாயாம். நாலரை என்று அது காட்டியதாம்.

"எல்லாத்தையும் பாத்துட்டு, 'எனக்கு எது சரின்னு தெரியாதுடி, அக்கா சொல்லட்டும்'னுட்டா" என்றாய். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "போலீசு, கேசு எதுக்கும் நான் வரல அக்கா. நீங்க ஏன் செஞ்சீங்கன்னுகூடக் கேக்கல. அந்தச் சுருதி தப்புன்னு அவகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க. உங்க வாயால சொன்னாத்தான் அவ நம்புவா. அவ காது அவளுக்குத் திரும்பக் கிடைச்சிடும்."

அதுதான் நீ கேட்டது. ஒரு வார்த்தை. நான் சொன்னால் அவள் இன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு உன்னோடு கிளம்பிவிடுவாள். போகட்டும் என்றுதான் பாதி மனசு சொல்கிறது. ஆனால் யோசித்துப் பார். பதினான்கு மாதம் தன் காது கெட்டுவிட்டது என்று பழகிக்கொண்டவள். இப்போது போய் அப்படியெல்லாம் இல்லை, கெட்டது வேறு ஒன்று என்று சொன்னால், அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? எனக்காக நான் யோசிக்கவில்லை.

உள்ளே கட்டில் முனகுகிறது. எழுந்துவிட்டாள். நீ நிமிர்ந்து உட்காருகிறாய்.

பச்சைச் சால்வையோடு கதவருகே வந்து நிற்கிறாள். தூக்கம் ஒட்டிய முகம். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், கைப்பேசியைப் பார்க்கிறாள், எதற்காக வந்திருக்கிறாய் என்று புரிந்துகொள்கிறாள். நீ கைப்பேசியை விரலால் தொடுகிறாய். என் குரல் மேசைமேல் நான்கு நொடி ஒலித்துவிட்டு நிற்கிறது. நல்ல குரல்தான் எனக்கு. யாரும் சொன்னதில்லை.

அவள் என்னைப் பார்க்கிறாள். மேடையிலிருந்து இருட்டைப் பார்ப்பாளே, அதே பார்வை.

"அக்கா, இதுதான் நீங்க கொடுத்ததா? சரியான சுருதிதானா?"

உன் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறது. என்னைக் கெஞ்சுகிற கண். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு எழுகிறேன்.

"சரியான சுருதிதான் கண்ணு" என்கிறேன். "உன் தங்கச்சிக்கு டீ ஆறிப்போச்சு. வேற போட்டுக் கொண்டுவரேன்."

அவள் முகவாய் இம்மி உயர்கிறது. பிறகு ஒரு நீண்ட மூச்சு. உனக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியாது. பதினொரு வருடம் அந்த மூச்சைக் கேட்டவள் நான். அது நிம்மதிதான்.